அப்பா விட்டுச் சென்ற வீடு, 14 வருஷ வாடகைதாரர், புதிதாக ஒரு பிளாட்: எதை முதலில் செய்வது?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன், மற்றவர்களுக்கும் புரியும். கேள்வி கேட்ட தம்பிக்குச் சார்ஜாவில் வேலை. நங்கநல்லூரில் அப்பா 1988ல் வாங்கிய வீடு. கீழே அம்மா இருக்கிறார், மாடியில் 2011லிருந்து ஒரே குடும்பம் குடியிருக்கிறது. ஒப்பந்தம் எழுதவில்லை, அப்பா வாய்வார்த்தையாகப் பேசி 50,000 அட்வான்ஸ் வாங்கியிருக்கிறார். 2022ல் அப்பா காலமாகிவிட்டார், உயில் இல்லை. மாடிக்கு இப்போது 9,000 வருகிறது, அதே தெருவில் அதே அளவு வீடு 18,000க்குப் போகிறது, ஏற்றிக் கேட்டால் அவர்கள் பிடிகொடுக்கவில்லை. "12 வருஷம் தாண்டிவிட்டது, இனி அவர்களைக் காலி செய்ய வைக்கவே முடியாது" என்று உறவில் ஒருவர் பயமுறுத்தியிருக்கிறார். ஒரு புரோக்கர் 10 லட்சம் லீசுக்கு விடச் சொல்கிறார். அக்காவும் தங்கையும் விற்றுவிடலாம் என்கிறார்கள். இதற்கு நடுவில், கையில் இருக்கும் சேமிப்பில் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரு பிளாட் வாங்கி வாடகைக்கு விடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

நான் 20 வருஷத்துக்கு மேல் வங்கியில் வீட்டுக்கடனுக்கு வரும் பத்திரங்களைப் படித்துப் பார்க்கும் வேலையில் இருந்தவன், சொந்தமாக இரண்டு போர்ஷன் வாடகைக்கும் விட்டிருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: உங்கள் முதல் பிரச்சினை மாடியில் இருப்பவர் இல்லை. வீடு இன்னும் அப்பா பெயரிலேயே இருக்கிறதே, அதுதான். அதைச் சரி செய்யாமல் மற்ற எதைத் தொட்டாலும் பாதியில் வந்து நிற்கும்.

ஆனாலும் அந்த 12 வருஷ பயத்தை முதலில் இறக்கி வைத்துவிடலாம், ஏனென்றால் அதுதான் உங்களைத் தூங்கவிடாமல் செய்கிறது என்று எழுத்தைப் பார்த்தாலே தெரிகிறது. 1963ஆம் வருஷத்துக் காலவரம்புச் சட்டத்தில் 12 வருஷம் என்ற கணக்கு இருப்பது உண்மை. ஆனால் அது, உரிமையாளருக்கு எதிராக, "இது என் இடம்" என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டு அனுபவிப்பவருக்கானது. வாடகைக்கு வந்தவர் உங்கள் அப்பாவின் அனுமதியோடு உள்ளே வந்தவர். மாதம் பிறந்ததும் வாடகை கொடுக்கிறார் என்றால், அந்த மாதமும் இது உங்கள் வீடு என்று ஒப்புக்கொள்கிறார் என்றே அர்த்தம். 12 அல்ல, 40 வருஷம் இருந்தாலும் அவர் வாடகைதாரர்தான். சாட்சியச் சட்டமும், குடியிருந்துகொண்டே வீட்டுக்காரரின் உரிமையை மறுக்க விடாது. கவலைப்பட வேண்டிய இடம் வேறு: வாடகை நின்றுபோய், வாடகை வாங்கியதற்கான அத்தாட்சியும் கையில் இல்லாமல், பல வருஷம் கண்டுகொள்ளாமல் விடுவது.

எங்கள் மாமாவுக்குப் பெரம்பூரில் ஒரு வீடு இருந்தது. குடியிருந்தவர் இறந்த பிறகு அவர் மகன், "எங்கள் அப்பா இந்த வீட்டை வாய்மொழியாகக் கிரயம் பேசி வாங்கிவிட்டார்" என்று ஒரு நாள் சொன்னார். மாமாவிடம் ஒப்பந்தம் இல்லை. பச்சை அட்டை போட்ட 80 பக்க நோட்டு ஒன்று மட்டும் இருந்தது, அதில் மாதா மாதம் தொகையை எழுதி அந்த மனிதரே கையெழுத்துப் போட்டிருப்பார், ஒரு மாதம் நீல மை, ஒரு மாதம் கறுப்பு. ஒரு பக்கத்தில் "மோட்டார் ரிப்பேர் 350 கழித்து" என்று அவர் கையாலேயே எழுதியிருந்தார். வக்கீல் விரலை வைத்தது அந்த ஒரு வரியில்தான். சொந்த வீட்டு மோட்டாரைப் பழுது பார்த்துவிட்டு யாராவது இன்னொருவரிடம் அதைக் கழிப்பார்களா? விஷயம் அதோடு முடிந்தது. உங்கள் அப்பாவும் இப்படி ஏதாவது வைத்திருப்பார். பீரோவில், பழைய டைரிகளில் தேடச் சொல்லுங்கள். இப்போது வாடகை ஜிபேயில் வருகிறது என்றால் அந்த வங்கிக் கணக்கு விவரத்தை 2022லிருந்து எடுத்துப் பத்திரப்படுத்துங்கள்.

சரி, இப்போது வீட்டு உரிமைக்கு வருவோம். நீங்கள் இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் கீழ் வருபவர்கள், அப்பாவைப் பெற்ற பாட்டி இப்போது இல்லை என்று எடுத்துக்கொள்கிறேன். அப்பாவின் சுயசம்பாத்தியச் சொத்து, உயில் இல்லை என்றால் அம்மா, நீங்கள், அக்கா, தங்கை நான்கு பேருக்கும் சரிசமமாகக் கால் பங்கு. கல்யாணம் ஆகிப் போன பெண்ணுக்குப் பங்கு இல்லை என்று யாராவது பெரியவர்கள் சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள், சட்டம் அப்படி இல்லை. ஆக, மாடி வீட்டுக்கு இன்று நான்கு வீட்டுக்காரர்கள். அம்மா மட்டும் கையெழுத்துப் போட்டு ஒப்பந்தம் எழுதினால், நாளை வழக்கு என்று வரும்போது எதிர்த்தரப்பு வக்கீல் கேட்கும் முதல் கேள்வியே "மற்ற மூன்று பேர் எங்கே?" என்பதாகத்தான் இருக்கும்.

எனவே முதலில் வாரிசுச் சான்றிதழ் (தாசில்தார் தருவது, இ-சேவை மூலம் விண்ணப்பிக்கலாம்), அதை வைத்துப் பட்டா, சொத்துவரி, மின் இணைப்பு எல்லாவற்றிலும் பெயர் மாற்றம். இதிலேயே இரண்டு மூன்று மாதம் போய்விடும், பரவாயில்லை. அப்புறம் நான்கு பேரும் உட்கார்ந்து ஒரே ஒரு முடிவை எடுக்க வேண்டும்: வைத்துக்கொள்வதா, விற்பதா. இதை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், இரண்டுக்கும் செய்ய வேண்டிய பத்திர வேலை நேர் எதிரானது.

அம்மா இருக்கும் வரை வீட்டை வைத்துக்கொள்வது என்றால், பிள்ளைகள் மூன்று பேரும் அம்மாவுக்கு விடுதலைப் பத்திரம் (தங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் பத்திரம்) எழுதிக் கொடுப்பது ஒரு வழி. குடும்பத்துக்குள் எழுதும் விடுதலைப் பத்திரத்துக்குத் தமிழ்நாட்டில் முத்திரைத்தீர்வை 1 சதவீதம், அதற்கு 40,000 உச்சவரம்பு. பதிவுக்கட்டணம் 1 சதவீதம், அதற்கு 10,000 உச்சவரம்பு. கிரயத்துக்கு ஆகும் செலவோடு பார்த்தால் இது மிகக் குறைவு. வாடகை முழுவதும் அம்மாவின் வருமானமாகிவிடும், ஒப்பந்தத்தில் ஒரே கையெழுத்து, வெளிநாட்டில் இருக்கும் உங்கள் பெயரால் வரும் வரிச் சிக்கலும் போய்விடும். ஆனால் எழுதிக் கொடுத்த பிறகு அந்தக் கால் பங்கு உங்களுடையது அல்ல. நாளை அம்மா வேறு மாதிரி உயில் எழுதினாலும் கேட்க முடியாது. அக்காவுக்கோ தங்கைக்கோ மனதில் சின்ன நெருடல் இருந்தாலும் அவர்களை வற்புறுத்தாதீர்கள். நான்கு பேர் பெயரிலேயே வைத்துக்கொண்டு, மூன்று பேரும் அம்மாவுக்கு வாடகை விவகாரங்களுக்கு மட்டும் பவர் (தங்கள் சார்பில் கையெழுத்திடும் அதிகாரப் பத்திரம்) கொடுத்தாலும் வேலை நடக்கும்.

நீங்கள் நேரில் வர முடியாவிட்டால் அங்கேயே துபாயில் இந்தியத் துணைத்தூதரகத்தில் பவர் எழுதி அத்தாட்சி பெற்று அனுப்பலாம். அது இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் மாவட்டப் பதிவாளரிடம் கொடுத்து முத்திரைத்தீர்வை கட்டியாக வேண்டும். வங்கியில் நான் பார்த்தவரை இந்த இடத்தில்தான் பலர் தவறவிடுவார்கள், பவர் ஆறு மாதம் யார் பையிலோ கிடக்கும்.

விற்பதாக முடிவெடுத்தால் விடுதலைப் பத்திரமே வேண்டாம். நான்கு பேரும் நான்கு பங்காக விற்றால் லாபமும் நான்காகப் பிரியும், வரிச்சலுகைகளையும் நான்கு பேரும் தனித்தனியாகப் பயன்படுத்தலாம். இதற்குக் கீழே வருகிறேன்.

இப்போது மாடியில் இருப்பவர். தமிழ்நாட்டில் 1960ஆம் வருஷத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், 2017ல் இயற்றப்பட்ட வீட்டு உரிமையாளர் வாடகைதாரர் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. இதன் அடிப்படை ஒரே விஷயம்தான்: வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அதை வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத ஒருவர்தான் வாடகை அதிகாரி. விண்ணப்பத்தை அரசின் இணையதளத்திலேயே போடலாம், பதிந்ததும் ஒரு எண் கொடுப்பார்கள். பழைய வாய்மொழி வாடகைக்கும் இது பொருந்தும். இரண்டு தரப்பும் எழுத்து ஒப்பந்தத்துக்கு வராமல் போனால் அதுவே வீட்டைக் காலி செய்யக் கேட்பதற்கான ஒரு காரணமாகச் சட்டத்தில் இருக்கிறது.

பலரும் இரண்டு பதிவைக் குழப்பிக்கொள்கிறார்கள். 11 மாத ஒப்பந்தம் என்ற பழக்கம் 1908ஆம் வருஷத்துப் பதிவுச் சட்டத்தால் வந்தது: ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்தே ஆக வேண்டும், அந்தச் செலவைத் தவிர்க்க 11 மாதம். ஆனால் வாடகை அதிகாரியிடம் பதிவது வேறு சமாச்சாரம், 11 மாதமாக இருந்தாலும் பதிய வேண்டும். முத்திரைத்தாளில் டைப் அடித்து இரண்டு பேர் கையெழுத்துப் போட்டுவிட்டு "எல்லாம் சரியாக இருக்கிறது" என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள்தான் அதிகம். தகராறு வரும்போது பதியாத அந்தத் தாள் கைகொடுக்காது.

இதை எப்படித் தொடங்குவது? வக்கீல் நோட்டீசில் தொடங்காதீர்கள். 14 வருஷம் ஒழுங்காக வாடகை கொடுத்தவர்கள், அப்பாவின் காரியத்துக்குக்கூட வந்து நின்றிருப்பார்கள். அம்மா தனியாகக் கீழே இருக்கிறார், மேலே தெரிந்த குடும்பம் இருப்பதற்கு ஒரு மதிப்பு உண்டு. அதனால் முதலில் நேரில் பேச்சு, அதன் பிறகு ஒரு கடிதம்: அப்பா காலமாகிவிட்டார், வாரிசுகள் நாங்கள் நான்கு பேர், சட்டப்படி ஒப்பந்தம் எழுத வேண்டியிருக்கிறது, மாதிரி ஒப்பந்தம் இத்துடன் இருக்கிறது, வாடகையை இந்தத் தேதியிலிருந்து இவ்வளவாக மாற்ற விரும்புகிறோம். மூன்று மாத அவகாசம் கொடுங்கள். பதிவு வசதியோடு ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகையை வைத்துக்கொள்ளுங்கள். 9,000த்திலிருந்து ஒரேயடியாக 18,000 கேட்டால் யாராக இருந்தாலும் முறுக்கிக்கொள்வார்கள். இப்போது 13,000, அடுத்த வருஷம் 15,500, அதற்கடுத்து சந்தை விலை என்று ஒப்பந்தத்திலேயே எழுதினால் பெரும்பாலும் படிந்து வந்துவிடும். வரவில்லை என்றால், நீங்கள் ஒப்பந்தத்துக்கு அழைத்தீர்கள், அவர்கள் வரவில்லை என்பதற்கு அந்தக் கடிதமே ஆதாரம். அதை வைத்துத்தான் வாடகை நீதிமன்றத்துக்குப் போவீர்கள்.

அப்பா வாங்கிய 50,000 அட்வான்ஸ் இப்போது உங்கள் நால்வரின் கடன், அதைப் புது ஒப்பந்தத்தில் மறக்காமல் எழுதுங்கள். வேறு மாதிரி எழுதிக்கொள்ளாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்கிறது இந்தச் சட்டம். காலி செய்ததும் நிலுவை போக மீதியை ஒரு மாதத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். பெயின்ட் அடிக்க ஒரு மாத வாடகை பிடிப்பது என்பது வழக்கமே தவிர, எழுதிக்கொள்ளாமல் பிடித்தால் சண்டைதான்.

அம்மாவிடம் இதை மட்டும் அழுத்திச் சொல்லிவிடுங்கள்: என்ன கோபம் இருந்தாலும் மோட்டார் சுவிட்சை அணைப்பது, மாடித் தண்ணீர் வால்வை மூடுவது, மெயினைப் பிடுங்குவது கூடவே கூடாது. அத்தியாவசிய வசதியை நிறுத்துவதைச் சட்டம் நேரடியாகத் தடை செய்கிறது. மாதக்கணக்கில் பொறுமையாகச் சேர்த்த நியாயம் ஒரே மாலையில் எதிர்ப்பக்கம் போய்விடும். வீட்டைப் பார்க்க மாடிக்குப் போவதானாலும் 24 மணி நேரம் முன்னால் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும்.

புரோக்கர் சொல்லும் லீசுக்கு என் பதில், வேண்டாம். 10 லட்சம் வாங்கிக்கொண்டு மாத வாடகை இல்லாமல் மூன்று வருஷம் விடுவது, முடிவில் அந்தப் பணத்தை அப்படியே திருப்பிக் கொடுப்பது. 10 லட்சத்தை வங்கியில் போட்டால் 7 சதவீதம் என்று வைத்துக்கொண்டாலும் வருஷத்துக்கு 70,000, மாதத்துக்கு ஆறாயிரத்துக்குக் கீழே. நீங்கள் குறைவு என்று சொல்லும் 9,000த்தைவிடவும் குறைவு! பணத்தை வேறு செலவுக்கு எடுத்துவிட்டால் திருப்பிக் கொடுக்க முடியாமல் அவர் அப்படியே தங்கிவிடுவார், இப்படி மாட்டிக்கொண்ட குடும்பங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். வருமான வரியிலும் தப்பிக்க வழியில்லை, வாடகையே வராவிட்டாலும் அந்த வீடு நியாயமாக என்ன வாடகைக்குப் போகுமோ அதைக் கணக்கில் எடுக்கலாம். இன்னொரு ஆபத்து பெரியது. "நாங்கள் உங்களுக்கு மாதா மாதம் வாடகை தருகிறோம், வீட்டை எங்களிடம் விடுங்கள்" என்று இடையில் ஒரு நிறுவனம் வரும். உங்களுக்கு நான்கு மாதம் ஒழுங்காக வாடகை கொடுத்துக்கொண்டே, உங்களுக்குத் தெரியாமல் வேறொரு குடும்பத்திடம் பல லட்சம் லீசு வாங்கி வீட்டில் குடிவைத்துவிட்டு ஒரு நாள் காணாமல் போய்விடும். வாழ்நாள் சேமிப்பைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குள் இருப்பவரும் பாவம், வீட்டுக்காரரும் பாவம். சென்னையில் இது போலீஸ் வழக்கு வரை போன விஷயம். வாடகை யாரிடமிருந்து வருகிறதோ அவர்தான் வீட்டில் இருக்க வேண்டும், உள்வாடகைக்கு விட எழுத்தில் அனுமதி வேண்டும் என்று ஒப்பந்தத்தில் போடுங்கள். அட்வான்ஸ் எதுவானாலும் வங்கி வழியாக மட்டும் வாங்குங்கள், 20,000மும் அதற்கு மேலும் ரொக்கமாக வைப்புத்தொகை வாங்கினால் வாங்கிய அளவுக்கே அபராதம் போட வருமான வரித்துறைக்கு அதிகாரம் உண்டு.

வரிக்கு வருவோம். வாடகை வருமானக் கணக்கு எளிது. மாடி 18,000க்குப் போகிறது என்றே வைத்துக்கொள்வோம், வருஷத்துக்கு 2,16,000. மாடியின் பங்குக்கு அந்த வருஷம் நீங்கள் உண்மையில் கட்டிய சொத்துவரி 4,000 என்றால் மீதி 2,12,000. இதில் 30 சதவீதம், அதாவது 63,600, பராமரிப்புக்கென்று அப்படியே கழியும், நீங்கள் பத்து ரூபாய் செலவழித்தாலும் இரண்டு லட்சம் செலவழித்தாலும் அதே 30தான், பெயின்ட் பில்லைத் தனியாகக் காட்ட முடியாது. மிச்சம் 1,48,400 வரிக்குரிய வருமானம். அம்மாவுக்கு வேறு குடும்ப ஓய்வூதியமும் கொஞ்சம் வட்டியும் மட்டும்தான் என்றால், புதிய வரி முறையில் 2025-26 முதல் 12 லட்சம் வரை தள்ளுபடி இருப்பதால் வரியே வராது. வீடு நால்வர் பெயரில் இருந்தால் இதை நால்வரும் கால் கால் பங்காகத் தங்கள் கணக்கில் காட்ட வேண்டும். (1961 சட்டத்தின் இடத்தில் புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் வருவதால் பிரிவு எண்களெல்லாம் மாறுகின்றன, அதனால் நான் எண்ணே சொல்லவில்லை.) சொத்துவரியை ஏப்ரல் 30க்குள்ளும் அக்டோபர் 31க்குள்ளும் கட்டிவிட்டால் 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 வரை ஊக்கத்தொகை கிடைக்கும், அம்மாவிடம் நினைவுபடுத்துங்கள்.

உங்கள் பங்கில்தான் முடிச்சு. உள்ளூர்க்காரரான வீட்டுக்காரருக்கு வாடகை கொடுக்கும் சாதாரண நபர், மாதம் 50,000த்தைத் தாண்டினால்தான் வரி பிடிக்க வேண்டும், அதுவும் 2024 அக்டோபர் முதல் 2 சதவீதம்தான். ஆனால் வெளிநாட்டில் வசிப்பவருக்குக் கொடுக்கும் வாடகையில் தொகை எவ்வளவு சிறியதானாலும் 30 சதவீதமும் அதன் மேல் கூடுதல் தீர்வையும் சேர்த்து 31.2 பிடித்துக் கட்ட வேண்டியது வாடகைதாரரின் பொறுப்பு. மாடியில் இருப்பவர் டேன் எண் (வரி பிடித்துக் கட்டுபவருக்கான எண்) வாங்கி உங்கள் கால் பங்கான 4,500ல் மாதா மாதம் பிடிப்பாரா? நடக்கிற காரியம் இல்லை. பிடிக்காவிட்டால் மாட்டுவதும் அவர்தான், அந்தப் பாவம் நமக்கு வேண்டாம். வீட்டை வைத்துக்கொள்வதானால் அம்மாவுக்கு எழுதிக் கொடுப்பதை யோசிக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். அப்புறம், வாடகைதாரர் அலுவலகத்தில் வீட்டு வாடகைப்படிக்காக உங்கள் பான் எண் கேட்டால் மறுக்காதீர்கள். வருஷ வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் அவர் கொடுத்தே ஆக வேண்டும். வருமானத்தை ஒழுங்காகக் காட்டுபவருக்கு அதில் என்ன பயம்?

அடுத்து, விற்பது. அப்பா வாங்கியது 1988 என்பதால் 2001 ஏப்ரல் 1 அன்றைய சந்தை மதிப்பை வாங்கிய விலையாக வைத்துக்கொள்ளலாம், ஆனால் அது அன்றைய அரசு வழிகாட்டி மதிப்பைத் தாண்டக் கூடாது. அப்பா வைத்திருந்த காலமும் உங்கள் கணக்கில் சேரும், எனவே இது நீண்டகால லாபம். 2024 ஜூலை 23 முதல், வாங்கிய விலையை விலைவாசிக் குறியீட்டின்படி ஏற்றிக்கொள்ளாமல், லாபத்துக்கு 12.5 சதவீதம் என்பது பொது விதி. அதற்கு முன் வந்த சொத்துக்கு, இந்தியாவில் வசிக்கும் தனிநபர்களும் இந்துக் கூட்டுக்குடும்பங்களும் மட்டும் பழையபடி குறியீட்டோடு 20 சதவீதத்தையும் போட்டுப் பார்த்து எது குறைவோ அதைக் கட்டலாம். அம்மா, அக்கா, தங்கைக்கு அந்தச் சலுகை உண்டு, உங்களுக்கு இல்லை.

கேட்கக் கஷ்டமாக இருக்கும், ஆனால் கணக்கைப் போட்டால் அந்தச் சலுகை இல்லாததால் நங்கநல்லூர் வீட்டில் உங்களுக்குப் பெரும்பாலும் நஷ்டம் இல்லை. 2001 மதிப்பு 12 லட்சம், இன்று 1 கோடியே 60 லட்சம் என்று ஓர் உதாரணம். கால் பங்குக்கு 3 லட்சம், 40 லட்சம். குறியீடு இல்லாமல் லாபம் 37 லட்சம், 12.5 சதவீதம் வரி 4,62,500. குறியீட்டோடு (2025-26க்கு 376, 2001-02க்கு 100) 3 லட்சம் 11,28,000 ஆகிறது, லாபம் 28,72,000, 20 சதவீதம் 5,74,400. 12.5 சதவீத முறைதான் குறைவு. 2025-26 குறியீட்டின்படி விலை எட்டு எட்டரை மடங்குக்கு மேல் ஏறியிருந்தால் 12.5தான் லாபம், அதற்குக் கீழே என்றால் 20. விற்ற ஆறு மாதத்துக்குள் இதற்கென்று அறிவிக்கப்பட்ட அரசு நிறுவனங்களின் ஐந்து வருஷ பாண்டுகளில் ஆளுக்கு 50 லட்சம் வரை போட்டால் அந்த அளவு லாபத்துக்கு வரி இல்லை, நான்கு பேராக விற்கச் சொன்னது இதற்காகவும்தான்.

வாங்குபவர் உங்கள் பங்கில் பிடிக்க வேண்டிய வரியைப் பற்றியும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். மற்ற மூவர் பங்கில் 1 சதவீதம்தான் (மொத்த விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால்). உங்கள் பங்கில், லாபத்துக்கு எவ்வளவு என்று துறையிடம் சான்றிதழ் வாங்கித் தராவிட்டால், வாங்குபவர்கள் பயந்துகொண்டு முழு 40 லட்சத்தின் மீதும் 12.5ஐயும் தீர்வையையும் பிடித்துவிடுவார்கள். திரும்பப் பெறக் கணக்குத் தாக்கல் செய்து காத்திருக்க வேண்டும். அட்வான்ஸ் வாங்கியவுடனேயே ஆடிட்டரைப் பார்த்து அந்தச் சான்றிதழுக்கு விண்ணப்பித்துவிடுங்கள், கிரயத் தேதிக்கு முந்தின வாரம் ஓடினால் கிடைக்காது.

கடைசியாகப் புது பிளாட். முதலீடு என்று மட்டும் பார்த்தால் எனக்கு இதில் ஒப்புதல் இல்லை. 70 லட்சத்துக்கு ஒரு பழைய பிளாட் என்றால் முத்திரைத்தீர்வை 7, பதிவு 2, ஆக 9 சதவீதம், 6,30,000. புரோக்கர் கமிஷன் சேர்த்து 77 லட்சம் போட்டாகிவிட்டது. வாடகை 20,000, ஆள் மாறும்போது ஒரு மாதம் காலி, 2,20,000. சங்கத்துக்குப் பராமரிப்பு மாதம் 2,500, சொத்துவரி 6,000, பிளம்பர் எலக்ட்ரீஷியன் 15,000 போனால் மிச்சம் 1,69,000. போட்ட பணத்துக்கு 2.2 சதவீதம். வெளிநாட்டு வருமானத்தை, வெளிநாடுவாழ் இந்தியர்களுக்கான என்ஆர்இ வைப்பில் போட்டால் அதற்கு இதைவிட இரு மடங்குக்கு மேல் வட்டி வரும், அந்த வட்டிக்கு இந்தியாவில் வரியும் இல்லை. இடத்தின் விலை ஏறும் என்பீர்கள், ஏறலாம், ஆனால் பிளாட்டில் உங்களுக்குச் சொந்தமான நிலம், எல்லாருக்கும் பொதுவான மனையில் பிரிக்கப்படாத ஒரு பங்கு மட்டும்தான், 900 சதுர அடி பிளாட்டில் அது 350 அடியாகவும் இருக்கும். கட்டடத்துக்கு வயதாக ஆக விலை ஏறுவதெல்லாம் அந்த 350க்குத்தான்.

கடன் வாங்கினால் இன்னும் கஷ்டம். 50 லட்சம், 8.5 சதவீதம், 20 வருஷம் என்றால் மாதத் தவணை 43,400 அளவுக்கு வரும், வாடகை அதில் பாதிகூட இல்லை. "வட்டிக்கு வரிச்சலுகை இருக்கிறதே" என்று விற்பவர்கள் சொல்வார்கள். பழைய முறையில் இருப்பவர்கள் வீட்டு நஷ்டத்தில் 2 லட்சம் வரை சம்பளத்தில் கழிக்கலாம், மீதியை எட்டு வருஷம் எடுத்துச் செல்லலாம். புதிய முறையில் சம்பளத்தில் கழிக்கவே முடியாது. உங்களுக்கோ இந்தியாவில் சம்பளமே இல்லை, எதில் கழிப்பீர்கள்?

ஊர் திரும்பியதும் குடியிருக்கப் போகிற பிளாட், அதுவரை வாடகை வரட்டும் என்றால் வாங்குங்கள், அது வேறு கணக்கு. அப்போது தாய்ப்பத்திரம் தொடங்கி 30 வருஷ வில்லங்கச் சான்று, சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) அனுமதி வரைபடம், கட்டடம் அந்த வரைபடப்படி இருக்கிறதா என்பதெல்லாம் பாருங்கள். வரைபடத்தில் கார் நிறுத்துமிடம் என்று இருந்த இடத்தில் ஒரு வீட்டையே கட்டி விற்றிருந்ததைப் பத்திரம் படிக்கும்போது கண்டுபிடித்திருக்கிறேன், வாங்க வந்தவர் அட்வான்ஸ் கொடுத்து முடித்திருந்தார். விற்பவரும் வெளிநாட்டுவாசி என்றால் மேலே சொன்ன வரிப் பிடித்தம் இந்த முறை உங்கள் தலையில் வரும், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்த விடுமுறையில் வரும்போது 15 நாள்தான் இருப்பீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். வாரிசுச் சான்றிதழுக்கு அக்காவை இப்போதே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள், அப்பாவின் இறப்புச் சான்றிதழையும் நால்வரின் ஆதாரையும் தயாராக வைத்துக்கொள்ளட்டும். நீங்கள் வந்து இறங்கிய முதல் ஞாயிற்றுக்கிழமை நால்வரும் பேசி முடிவெடுங்கள், அன்று சாயங்காலமே அம்மாவோடு மாடிக்குப் போய் அவர்களோடு உட்கார்ந்து பேசுங்கள், கடிதம் திங்கட்கிழமை போகட்டும்.